மடக்குக் கத்தியா, மல்டிடூலா: பெரிய அத்தைக்கு ஓர் அறிக்கை

மதிப்பும் அன்பும் கொண்ட பெரிய அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் பணிவோடு எழுதுவது. இங்கே அப்பா நலம், அம்மா நலம், தொட்டியில் இருக்கும் இரண்டு மீன்களும் நலம். நான் மட்டும் அவ்வளவாக நலமில்லை, காரணம் கீழே வரும். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை இங்கே வருவதற்காக அலைய வேண்டாம் அத்தை, உடம்புதான் முக்கியம். இதை நான் ஏதோ உள்நோக்கத்தோடு சொல்வதாக நினைக்காதீர்கள்.

குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மூன்று இரவாக இங்கேயே இருப்பதால் எனக்கு வயிறு சரியில்லை என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். இப்போதுகூடக் கதவைத் தட்டி, "என்னடி, இன்னும் நிக்கலையா?" என்று கேட்டாள். "முடியப்போகுதும்மா" என்றேன். கடிதத்தைச் சொன்னேன். நாளைக்கும் எனக்கு உப்பு சர்க்கரைத் தண்ணீர்தான்.

போன மாதம் எனக்கு மட்டும் தனியாக எழுதியிருந்தீர்கள்: "உங்கப்பனுக்கு அம்பது வயசு ஆகப்போகுது. நான் வாங்கிக் கொடுத்த மடக்குக் கத்தி தேஞ்சு போயிருக்கும். புதுசா ஒரு கத்தி வாங்கவா, இல்ல இடுக்கி, ஸ்க்ரூ டிரைவர் எல்லாத்தையும் உள்ள மடிச்சு வெச்சிருக்கே, அந்த மல்டிடூல் வாங்கவா? நீதான் அறிவியல்ல நல்ல மார்க் வாங்கறவ. ரெண்டையும் சோதிச்சுப் பார்த்து எழுது. வீட்ல யார்கிட்டயும் மூச்சு விடாதே." நான் மூச்சு விடவில்லை அத்தை. ஒன்பது நாளாகச் சாப்பாடும் சரியாக இறங்கவில்லை.

சோதனைக்கு வெளியே போக வேண்டிய அவசியமே இல்லை. அப்பாவின் சட்டைப்பையில் நீங்கள் கொடுத்த மரப்பிடிக் கத்தி. அம்மாவின் வேலைப்பையில் ஒரு மல்டிடூல். அம்மா ஆபீஸ் ஆபீஸாகப் போய் ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்ப்பவள், அப்பா மரச்சாமான் கடைக்காக வீடு வீடாகப் போய் அட்டைப்பெட்டியைப் பிரித்து அலமாரி பூட்டிக் கொடுப்பவர். இந்த இரண்டு பொருளையும் வைத்துச் சாப்பாட்டு மேசையில் தினமும் ஒரு கச்சேரி நடக்கும்.

"உங்க கத்திக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும்."

"அந்த ஒண்ண சுத்தமா செய்யும். உன்னோடது பதினாலு வேலையும் சுமாரா செய்யும்."

"அலமாரி கதவு ஆடினா யார்கிட்ட வந்து கையை நீட்டறீங்க?"

"ஆப்பிள் வேணும்னா நீ யார்கிட்ட வந்து தட்டை நீட்டறே?"

உடனே அப்பா ஆப்பிளை எடுத்துத் தோலை அறுபடாமல் ஒரே நாடாவாக உரிப்பார். அந்த நாடா எனக்கு, முதல் துண்டு அம்மாவுக்கு. கச்சேரி அதோடு முடியும்.

இனி அறிக்கை. கத்தியில் பென்சில் சீவினால் ஊசி போல் வருகிறது. மல்டிடூலில் சீவினால் பென்சில் குட்டையாகிறது, கூர் வருவதில்லை. ஆப்பிளும் அப்படியே. மல்டிடூலின் பிடி உள்ளங்கையை அழுத்துகிறது, ஆப்பிள் அடிபட்ட மாதிரி ஆகிறது. ஆனால் என் நாற்காலியின் லொடலொட திருகாணியைக் கத்தியால் முறுக்கப்போய் ஆணியின் தலைதான் வழுக்கியது, மல்டிடூல் அதே ஆணியை இரண்டு திருப்பில் அடக்கிவிட்டது. அதற்குள்ளிருந்து எதையாவது எடுப்பதுதான் பாடு. ஸ்க்ரூ டிரைவர் வேண்டும் என்றால் முதலில் பாட்டில் திறப்பான் வரும், அப்புறம் ரம்பம் வரும், அப்புறம் என் நகம் வரும். எடையைச் சொன்னால், மல்டிடூலைப் போட்டதும் பாவாடைப் பை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கிறது. கத்தியோ இருப்பதே தெரிவதில்லை. அதனால் இல்லாமல் போனதும் தெரிவதில்லை என்று இங்கே சேர்க்க வேண்டியிருக்கிறது.

தினமும் கூடவே வைத்துக்கொள்ள எது வசதி என்பதுதானே உங்கள் கேள்வி? அப்படியானால் ஒரு நாள் முழுக்கக் கூடவே வைத்திருந்து பார்த்தால்தானே தெரியும்? போன வாரம் அப்பாவுக்கு விடுமுறை நாள். கத்தி வாசல் பக்கத்துக் கிண்ணத்தில் சாவிகளோடு கிடந்தது, சாயங்காலம் திரும்ப வைத்துவிடலாம் என்று எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டேன். அன்றைக்குப் பார்த்து யாரோ வகுப்பில் செல்போன் வைத்திருக்கிறார்கள் என்று எல்லோரையும் மைதானத்தில் வரிசையாக நிற்க வைத்துப் பையைக் கொட்டச் சொன்னார்கள், நான் கடைசி ஆள், பக்கத்தில் இறகுப்பந்து வலைக் கம்பம், என் உயரத்துக்குச் சரியாக அதன் வாய், மேலே இருக்க வேண்டிய மூடி இல்லை, இரண்டு நிமிடம் வாயோரத்தில் செருகி வைக்கலாம் என்று கத்தியை வைத்தேன், அது நிற்கவில்லை, "டங்" என்றது. விளையாட்டு வாத்தியார் திரும்பிப் பார்த்தார். நான் இருமினேன். இருமல் அப்படியா கேட்கும் என்று அவர் யோசித்தது முகத்தில் தெரிந்தது. இரண்டு நாள் கழித்து, ஒரே வாரத்தில் இரண்டு முறை சோதனை வராது என்று கணக்குப் போட்டு, அம்மாவின் மல்டிடூலை எடுத்துப்போய், இடுக்கியை விரித்து, ஷூ கயிற்றில் கட்டி, தூண்டில் மாதிரி உள்ளே இறக்கினேன். முடிச்சு நான் போட்டது. "டிங்."

இப்போது இரண்டும் உள்ளே இருக்கின்றன, கயிறும் இருக்கிறது. வாத்தியார் தினமும் அந்தக் கம்பத்தை நகர்த்தும்போது உள்ளே டங், டிங் என்கிறது. "எலி பூந்துடுச்சு போல" என்று நேற்று அதற்குள் பிஸ்கட் போட்டார்.

அத்தை, இதுவரை எழுதியது சிரிப்பாக இருக்கலாம். இனிமேல் எழுதப்போவதுதான் எனக்குப் பயம். அப்பா யாரிடமும் எதையும் கேட்கவில்லை. கத்தி எங்கே என்று ஒரு வார்த்தை இல்லை. சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பார், கையை எடுத்துவிடுவார். முதல் நாள் இரவு ஆப்பிளை அப்படியே கையில் கொடுத்து, "தோலோட சாப்பிடு பாப்பா, தோல்லதான் சத்து" என்றார். மறுநாள் தனக்குப் பல் கூச்சம் என்றார். மூன்றாம் நாளிலிருந்து வாழைப்பழம் வாங்கி வருகிறார்.

அப்பாவின் முன்பல் ஓரம் உடைந்த கதை எனக்குத் தெரியும். வேலையில் சேர்ந்த முதல் நாள், கையில் எதுவும் இல்லாமல் பெட்டியைக் கட்டியிருந்த நாடாவைப் பல்லால் கடித்தாராம். மறுநாளே நீங்கள் இந்தக் கத்தியை வாங்கிக் கொடுத்து, "இனிமே பல்ல வெச்சு எதையாவது திறந்தே, மிச்சப் பல்லை நான் உடைப்பேன்" என்றீர்களாம். நேற்றுக் காலையில் சமையலறையில் அப்பா பால் பாக்கெட்டைப் பல்லால் கிழித்ததைப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து வாயைத் துடைத்துக்கொண்டார். அதிலிருந்துதான் எனக்கு வயிறு நிஜமாகவே சரியில்லை.

ஆகவே அறிக்கையின் முடிவு: மல்டிடூல் வேண்டாம். அதே மாதிரி மரப்பிடிக் கத்தி ஒன்று வாங்குங்கள். புதுசு மாதிரி தெரியாமல் இருக்க உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள், பிடியின் இடது ஓரத்தில் தீக்குச்சியால் ஒரு சின்னக் கருப்பு வையுங்கள், பழையதில் அப்படி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை செருப்பைக் கழற்றும்போது யாருக்கும் தெரியாமல் வாசல் கிண்ணத்தில் போட்டுவிடுங்கள். அப்பாவுக்குத் தெரியவே வேண்டாம். தெரிந்தால் என்னைத் திட்ட மாட்டார், அதுதான் எனக்குப் பயம்.

முழங்காலுக்குத் தைலம் மறக்காமல் தேய்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆசி எனக்கு எப்போதும் வேண்டும், இந்த வாரம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

என்றும் உங்கள் சொல் தட்டாத,
தம்பி மகள்

பின்குறிப்பு: மேலே எழுதிய முடிவு செல்லாது. உப்புத்தாள் வேண்டாம். கடித உறை எடுக்கச் சமையலறைக்குப் போனேன். அங்கே அப்பா மேசையில் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் காகிதத்தைத் தட்டுக்கு அடியில் தள்ளினார், நான் என்னுடையதை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை நான் படித்துவிட்டேன்: "அன்புள்ள அக்காவுக்கு, நீங்கள் கொடுத்த கத்தி பத்திரமாக இருக்கிறது. நேற்றும் அதில்தான் ஆப்பிள் உரித்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்பா தட்டுக்கு அடியிலிருந்து தன் காகிதத்தை எடுத்து நாலாக மடித்தார். அப்புறம், "கம்பத்துக்குள்ளயா?" என்றார். "நான்தான் யார் வீட்லயோ விட்டுட்டேன்னு நெனச்சேன் பாப்பா. பதினேழு வீடு. ஒவ்வொரு வீட்லயும் போய் சோபாவுக்கு அடியில படுத்துத் தேடினேன்" என்று சொல்லிவிட்டுச் சத்தம் வராமல் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பின்னால் அம்மா உப்பு சர்க்கரைத் தண்ணீர் டம்ளரோடு நின்றிருந்தாள். "என்னோடதும் அங்கதானா? பதினோரு மெஷினை அக்குவேறா ஆணிவேறா பிரிச்சுப் போட்டேனேடி!" என்றாள். அப்புறம், "கம்பத்தைச் சாய்ச்சா வந்து விழுந்துட்டுப் போகுது. இதுக்கு எதுக்கு மூணு ராத்திரி?" என்றாள். அறிவியலில் நல்ல மதிப்பெண் வாங்கும் எனக்கு அது தோன்றவில்லை. ஆனால் கம்பத்தின் அடியில் சிமெண்ட் நிரப்பிய டயர் இருக்கிறது, உருட்டி நகர்த்த ஒருவர் போதும், வாய் கீழே வரும்படி சாய்க்க நாலு பேர் வேண்டும், வாத்தியாரிடம் சொல்லாமல் முடியாது. "திங்கக்கிழமை எனக்கு லீவுதானே, நானும் வரேன். ரெண்டு பேரும் சேர்ந்தே திட்டு வாங்கிக்கலாம்" என்றார் அப்பா.

அதனால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரும்போது கத்தி வீட்டில் இருக்காது. ஆனாலும் வாருங்கள் அத்தை. வர வேண்டாம் என்று மேலே எழுதியது உள்நோக்கத்தோடுதான். எதையும் வாங்காமல் வாருங்கள். அப்பா இந்தக் கடிதத்தை இப்போது முழுசாகப் படித்துவிட்டு, "இதையுமா எழுதினே?" என்று என் பேனாவைப் பிடுங்குகிறார். கீழே இருப்பது அவர் கையெழுத்து.

அக்கா, பால் பாக்கெட் ஒரே ஒரு தடவைதான். பல் பத்திரமாக இருக்கிறது.