உங்கள் தங்கையின் வயிற்றுவலியை நிறுத்தச் சொல்லுங்கள்

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். உங்கள் தங்கை நலமா என்று அவளிடம் கேட்க எனக்குத் தகுதி இல்லையாம். ஆகவே அதை நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளவும்.

நர்சிங் காலேஜில் நோயாளியாக நடிக்கிற வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவர் நீங்கள். வாரத்தில் இரண்டு நாள் கட்டிலில் படுத்து வயிற்றுவலி என்று முனக வேண்டும், மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து பரிவோடு விசாரிப்பார்கள், யாருக்கு எவ்வளவு பரிவு என்று இவள் ஐந்துக்கு மார்க் போட வேண்டும். படுத்துக்கொண்டே சம்பளம் என்று நானும் பல்லைக் காட்டினேன். இப்போது அனுபவிக்கிறேன்.

போன வாரம் தலைவலி என்றாள். நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக். சத்தம் வருகிறது என்றால் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்ப்பேனே தவிர, பக்கத்தில் உட்கார்ந்து தடவிக் கொடுக்க மாட்டேன். "மாத்திரை போட்டுக்க, சரியாயிடும்" என்றேன்.

"அஞ்சுக்கு ஒண்ணு" என்றாள். "நின்னுக்கிட்டே பேசினீங்க, முகத்தப் பாக்கல, சரியாயிடும்னு வேற சொல்லிட்டீங்க. அந்த ஒண்ணுகூட வீட்டுக்காரராச்சேன்னு போட்டது."

ஐந்துக்கு ஐந்து வாங்குகிறவன் ஒருவன் இருக்கிறான். பெயர் எதற்கு, நெட்டை என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். சாப்பிட உட்கார்ந்தால் நெட்டை, துணி மடித்தால் நெட்டை. அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவானாம், ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பானாம். வாயை மூடுவதற்கு ஒரு படிப்பா மச்சான்? கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் வீட்டில் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறேன், அரை மார்க் வந்ததா? மீசைகூட சரியாக முளைக்காத பையனைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது. பொறாமைதான். உங்களிடம் சொல்ல என்ன வெட்கம்.

இதற்கு நடுவில் காலேஜில் மருந்து வைக்கிற ஃபிரிட்ஜைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். நான் வேவு பார்க்கப் போகவில்லை. அவளைக் கொண்டுபோய் விட்டபோது, ஃபிரிட்ஜில் சத்தம் சரியில்லையே என்று ஆபீஸ் அம்மா காதில் போட்டவன் நான்தான் என்பது வேறு விஷயம். ஃபிரிட்ஜுக்கும் அவள் கட்டிலுக்கும் நடுவில் ஒரு திரைதான். நெட்டை வந்தான். நாற்காலி இழுபட்டது. எங்கே வலிக்கிறது என்று கேட்டான், வயிற்றில் என்றாள். அதோடு எழுந்து போவான் என்று பார்த்தால், "வேற எதுவும் இருக்காம்மா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தான். எவ்வளவு நேரம் என்கிறீர்கள், எனக்கே ஏதாவது பேசிவிடலாமா என்று இருந்தது.

"இடது கை அப்பப்ப மரத்துப் போகுதுப்பா" என்றாள். "பாத்திரம் நழுவிடுது. பயமா இருக்கு."

"வீட்ல சொன்னீங்களாம்மா?"

"சொன்னா ஒண்ணுமில்லன்னுடுவாரு. அப்புறம் நானும் ஒண்ணுமில்லன்னே இருக்கணும்."

மச்சான், அவளுக்குக் கொடுத்த பாடம் முழுக்க எனக்குத் தெரியும், என்னை உட்கார வைத்துத்தான் ஒப்பித்தாள். அதில் வயிறு மட்டும்தான் உண்டு, கை கிடையாது. பிரமாதமாக நடிக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் இந்த மாதம் டம்ளர் உடைந்ததும், கண்ணை எங்கே வைத்திருக்கிறாய் என்று நான் கத்தியதும் ஞாபகம் வந்து தொலைத்தது. என் பெண்டாட்டியின் கை மரத்துப்போவது ஊரான் வீட்டுப் பையனுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. இது எந்த ஊர் நியாயம்? கேட்கலாம் என்றால் ஒட்டுக் கேட்டது வெளியே வந்துவிடும். ஆகவே நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து, இந்த வேலை நம் குடும்பத்துக்குச் சரிப்படாது என்று அவளை நிறுத்திவிட வேண்டும். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி, இந்த வேலைக்குச் சிபாரிசு செய்த உங்கள் நண்பருக்கு ஒன்றும் கிடையாது.

இப்படிக்கு,
ஐந்துக்கு ஒன்று வாங்கிய உங்கள் மைத்துனன்

பி.கு.: நீங்கள் வர வேண்டாம். வேலையையும் அவள் விட வேண்டாம். கவரை ஒட்டப் பசை தேடிச் சமையலறைக்குப் போனேன், இவள் கையை உதறிக்கொண்டு நின்றாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கை என்ன பண்ணுதுன்னு கேட்டேன். சரியாயிடும் என்பது தொண்டை வரைக்கும் வந்தது, முழுங்கிட்டேன். நெட்டை மாதிரியே வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அப்புறம் எல்லாத்தையும் சொன்னாள், அழுதாள். நானும்தான். நாளைக் காலையில் டாக்டரிடம் போகிறோம். அங்கே என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று எனக்கு ஒன்றும் தெரியாது; அதனால் அவளிடமே நம்பர் வாங்கி, நெட்டைக்கு போன் போட்டுக் கூட வரச் சொல்லியிருக்கிறேன். உடனே சரின்னுட்டான், நல்ல பையன்தான். ஆனால் ஒன்று, ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்து நாற்காலி எனக்கு. அவன் நிற்கட்டும்.