ராசாத்தாளுக்கு ஒரு ஃப்ரிட்ஜ்

"ஏனுங்க, நேத்து ஃப்ரிட்ஜுக்கு ஒதுக்கட்டுமான்னு கேட்டீங்களே, இன்னைக்குக் காணமுங்களே?"

திரையில் ராசாத்தாளின் கேள்வியைப் படித்ததும் லோகப்பிரியா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

கோயமுத்தூர் சரவணம்பட்டியில் அவள் வேலை பார்க்கும் கம்பெனி, குடும்ப வரவு செலவுக்காகச் 'சிக்கனம்' என்றொரு மென்பொருள் செய்திருந்தது. அதை இயக்கப்போவது ஆட்கள் அல்ல, ஒரு ஏஐ ஏஜெண்ட். வாடிக்கையாளரிடம் அதுவே பேசும், அதுவே பட்ஜெட் போடும். எப்படிப் பேச வேண்டும், எதை எப்போது ஒதுக்க வேண்டும் என்று அந்த ஏஜெண்ட் படித்துக்கொள்ளக் கையேடு எழுதுவதுதான் லோகப்பிரியாவின் வேலை. குழந்தைக்காகச் சில வருஷம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பியவளுக்குக் கிடைத்த முதல் பொறுப்பு. வெள்ளிக்கிழமைக்குள் சோதனை சரியாக வராவிட்டால், கையேடு பெங்களூர் ஆட்கள் கைக்குப் போய்விடும்.

சோதனைக்கு அமைந்த வாடிக்கையாளர்தான் கருமத்தம்பட்டி ராசாத்தாள்.

முந்தைய நாள் பேச்சைத் தேடி எடுத்தாள்.

"ஃப்ரிட்ஜ் வாங்க மாசாமாசம் கொஞ்சம் ஒதுக்கட்டுங்களா?" என்று ஏஜெண்ட் கேட்டிருந்தது.

"எனக்கெதுக்குங்க அதெல்லாம்? வேண்டாமுங்க."

உடனே ஏஜெண்ட் அந்தத் திட்டத்தையே அழித்துவிட்டது.

லோகப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்தது. காபி நீட்டினால்கூட "இப்பத்தானுங்க குடிச்சேன்" என்கிற ஊர். ஒரு 'வேண்டாம்' எந்த மூலைக்கு? கையேட்டில் சேர்த்தாள்: 'நம்மூரில் முதல் மறுப்பு மரியாதைக்காகச் சொல்வது. மறுபடியும் கேட்கவும்.'

மறுநாள் ஏஜெண்ட் இரண்டு முறை கேட்டது. ராசாத்தாள் இரண்டு முறையும் மறுத்தார்.

"இத்தன தடவ கேட்டீங்க பாருங்க, அந்த மனசே போதுமுங்க."

திட்டம் மறுபடியும் அழிந்தது.

லோகப்பிரியா விடவில்லை. 'எடுத்த எடுப்பில் காசுப் பேச்சு கூடாது. முதலில் சாப்பிட்டாயிற்றா என்று விசாரிக்கவும். அவர்கள் சொல்வதைத் தட்டக் கூடாது' என்று எழுதினாள்.

இதற்குள் அவள் கணவன் மதன்குமார் போத்தனூரில் தெரு முழுக்கச் சொல்லியிருந்தான். "எங்கூட்டு அம்மணி கம்ப்யூட்டருக்கே மரியாத கத்துத் தாராங்க!" காய்கறிக் கடையில்கூட அவளுக்கு வணக்கம் வைத்தார்கள். இனித் தோற்றுவிட்டுத் தெருவில் நடக்க முடியாது.

வியாழக்கிழமை.

"சாப்ட்டீங்களாங்க?" என்றது ஏஜெண்ட்.

"ஆச்சுங்க. நீங்க சாப்ட்டீங்களா?"

"நான் சாப்பிடுவதில்லைங்க."

"அதென்னங்க, வெறும் வயித்துல உக்காந்துட்டு என்ற கணக்கப் பாக்கறீங்க? மொதல்ல போயிச் சாப்புடுங்க. ஃப்ரிட்ஜ் எங்கீங்க ஓடிப்போவுது?"

சொன்னதைத் தட்டக் கூடாதல்லவா? ஏஜெண்ட் பட்ஜெட்டை நிறுத்திவிட்டு அப்படியே இணைப்பையும் துண்டித்துவிட்டது.

"அடப்பாவி! அந்தம்மா மொகத்துல அடிச்சாப்புல பேச்ச முடிச்சுப்போட்டியே!" என்று திரையைத் திட்டினாள் லோகப்பிரியா. அன்றே இன்னொரு விதி ஏறியது: 'எதிரில் இருப்பவர் முடிக்கும்வரை நாம் பேச்சை முடிக்கக் கூடாது.'

வெள்ளிக்கிழமை காலை ஃப்ரிட்ஜைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

"அப்ப வாரனுங்க" என்றது ஏஜெண்ட்.

"சரிங்க, வாங்க. ஒடம்பப் பாத்துக்குங்க."

"நீங்களும் பாத்துக்குங்க. வாரனுங்க."

"ஊட்டுல எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்க."

"சொல்றனுங்க. வாரனுங்க."

மதியச் சாப்பாடு முடிந்து மேனேஜர் நந்திதா வந்தபோதும் இருவரும் விடைபெற்றுக்கொண்டே இருந்தார்கள்.

"லோகா, என்னது இது? ஃப்ரிட்ஜ் என்னாச்சு?"

"இன்னும் ஒதுக்கலீங்க மேடம்."

"அப்பப் பெங்களூருக்கே குடுத்தரலாம்."

லோகப்பிரியா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என்ற கையேட்டுல தப்பு இருக்கலாமுங்க. ஆனா இப்படிப்பட்ட ஒரு மனுஷிகிட்டப் பேசத் தெரியாத மென்பொருள் கோயமுத்தூர்ல எந்த ஊட்டுக்கும் ஆகாதுங்க. ஒரு நாள் குடுங்க. நானே கருமத்தம்பட்டி போயி, அந்தம்மாகூட உக்காந்து பேசித் தெரிஞ்சுட்டு வந்து திருத்தறேன்."

நந்திதா திரையை மேலிருந்து கீழ்வரை படித்தாள். படிக்கப் படிக்க முகம் இளகியது.

"அச்சு அசல் எங்க பெரியம்மா மாதிரியே பேசறாங்க லோகா. பெங்களூர்க்காரங்க இவங்க ஊட்டுல ஒரு வாய்த் தண்ணி வாங்கிக் குடிக்க முடியாது. சரி, நாளைக்கே போலாம். நானும் வாரேன்."

"பூவும் பழமும் வாங்கிக்கலாங்க மேடம். வெறுங்கையோட போகக் கூடாது."

"ஸ்வீட்டும் வாங்கிக்க. சஹீர், இங்க வாங்க!"

சோதனைப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் சஹீர் எழுந்து வந்தான்.

"ராசாத்தாம்மா ஊட்டு அட்ரஸ் குடுங்க" என்றாள் லோகப்பிரியா, பேனாவைத் திறந்தபடி.

சஹீர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அவங்களுக்கு ஊடெல்லாம் இல்லீங்களே மேடம், அதுவும் சோதனைக்கு நான் செஞ்ச ஒரு ஏஜெண்ட்தானுங்க, நம்மூரு அம்மாவாட்டப் பேசோணும்னு தெனமும் நீங்க எழுதற கையேட்டத்தான் அதுக்கும் படிக்கக் குடுத்தனுங்க."