ஜன்னல் அறை எம்.பி.

உலகத்தில் எத்தனையோ நாடாளுமன்றங்கள் இருக்கலாம். கைலி கட்டிக்கொண்டு சட்டம் போட்ட ஒரே எம்.பி. எங்கள் எம்.பி.தான். அவர் எந்தத் தேர்தலிலும் நின்றவரில்லை. யாரும் அவருக்கு ஓட்டுப் போட்டதுமில்லை. சிராங்கூன் சாலையில் ஒரு புடவைக்கடைக்கு மேலே, பலகைத் தடுப்பு வைத்துப் பிரித்த அறைகளில் நாங்கள் ஏழெட்டு ஆண்கள் குடியிருந்தோம். அந்த மாடிதான் அவருடைய தொகுதி. நாங்கள் அவருடைய பாவப்பட்ட மக்கள்.

எழுபதுகளில் அவர் பஸ் கண்டக்டர். கண்டக்டர் இல்லாத பஸ்கள் வந்ததும் அவரை டிப்போ ஆபீஸில் உட்கார வைத்துவிட்டார்கள். டிக்கெட்டில் ஓட்டை போடும் கிளிப்பர் மட்டும் எப்படியோ அவரோடு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பரோட்டா முடிந்ததும், மேலே வெள்ளைச் சட்டையும் டையும், கீழே கட்டம் போட்ட கைலியுமாக வந்து கூடத்து ஸ்டூலில் உட்காருவார். கிளிப்பரை 'டக் டக்' என்று இரண்டு அழுத்து அழுத்துவார். சபை கூடிவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் குளிக்கப் போனவன் வெளிநடப்பு செய்தவனாகக் கருதப்படுவான்.

சும்மா சொல்லக்கூடாது, சட்டங்களில் நியாயம் இருந்தது. எங்கள் கூடத்தில் இருந்தது ஒரே ஒரு மின்விசிறி. "சூடு கெளப்புறவன் காத்த விட்டுக்குடுக்கணும்" என்பது முதல் சட்டம். இஸ்திரி போடுகிறவன் அன்றைக்கு விசிறிக்கு நேராக உட்காரக்கூடாது. அடுத்தது சம்பல் சட்டம். எங்களில் மணியம் என்று ஒருவன் மிளகாயும் பிளாச்சான் என்ற இறால் விழுதும் போட்டுச் சம்பல் வறுத்தால் கீழே புடவைக்கடைக்காரர் வரை தும்முவார். யார் யார் இருமுகிறார்களோ அவர்களுக்கெல்லாம் மணியம் சம்பலில் பங்கு கொடுக்க வேண்டும் என்று எம்.பி. தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து மணியம் சட்டியை அடுப்பில் வைத்தாலே போதும், மாடி முழுக்கக் காசநோய் ஆஸ்பத்திரி மாதிரி இருமல் கேட்கும்.

"டேய், இன்னும் அடுப்பே பத்த வெக்கலடா!" என்று கத்துவான் மணியம்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள் எம்.பி. பேப்பரும் கையுமாக ஓடி வந்தார். கரிப்புகையால் பூமியே சூடேறுகிறதாம். பணக்கார நாடுகள் ஊதித் தள்ளிய புகையில், விளக்குக்கூட இல்லாத ஊர்கள் வெந்து சாகப் போகின்றனவாம்.

"பாத்தியா? வறுத்தவன் ஒருத்தன், இருமுறவன் இன்னொருத்தன்! இதுக்கு எல்லா நாட்டு எம்.பி.யும் ஒண்ணா உக்காந்து ஒரே சட்டம் போடணும்லா!"

"முதல்ல நம்ம பாத்ரூம் குழாய்க்கு ஒரு சட்டம் போடுங்கண்ணே, தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கு" என்றேன் நான். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நானும் கொஞ்சம் சூடேறினேன்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஜெயராஜ் ஏர்கான் வாங்கினான். ஜெயராஜ் ஒரு பெரிய ஹோட்டலில் பார்டெண்டர், கைநிறையச் சம்பளம். அவன் அறைக்குச் சாலைப்பக்கம் சுவரே கிடையாது என்பதால், மாடியின் நடுவே வானம் பார்த்துத் திறந்திருக்கும் குழிப்பக்கமாக மாட்டினான். ஏர்கானின் வெந்த மூச்செல்லாம் அந்தக் குழியில் இறங்கி, எதிரே இருந்த சூசையின் அறைக்குள் புகுந்தது. சூசையின் அறைக்கு வேறு திறப்பே கிடையாது.

சூசை எல்லை தாண்டி வேலைக்கு வந்த ஜோகூர்க்காரர். சாங்கி விமான நிலையச் சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். விடிவதற்கு முன்பே வேலைக்குக் கிளம்ப வேண்டும். எங்களிலேயே குறைவாகச் சூடு கிளப்புகிறவர் அவர்தான். இஸ்திரி கிடையாது, சம்பல் கிடையாது, பேச்சுக்கூடக் கிடையாது. தூக்கமில்லாமல் கண் சிவந்து போய், ஒரு நாள் வண்டியைப் பெட்டிகளின் மேல் விட்டுவிட்டார். இன்னொரு தடவை நடந்தால் வேலை போகும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வேலை போனால் இங்கே தங்குவதற்கான பர்மிட்டும் போகும். ஜோகூரில் இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

டக் டக். அவசரக் கூட்டம்.

"ஏர்கான் ராத்திரி பத்து மணிக்கு மேல ஓடக்கூடாது. இதுதான் மசோதா" என்றார் எம்.பி.

"என் காசு, என் கரண்டு. நான் ஒருத்தன் நிறுத்திட்டா ஊரே குளுந்துருமா?" என்றான் ஜெயராஜ்.

அது எதிர்பார்த்ததுதான். ஆனால் மணியம் எழுந்து நின்றதை யாரும் எதிர்பார்க்கவில்லை. "அண்ணே, நானும் அடுத்த வருஷம் ஏர்கான் வாங்கலாம்னு இருக்கேன். இத்தன வருஷம் வெந்தாச்சு. நம்ம முறை வர்றப்ப சட்டம் போட்டா எப்படி?"

பார்த்தால் எல்லோருக்குமே அந்த ஆசை இருந்திருக்கிறது. நான் மசோதாவை ஆதரித்தேன். கொள்கையெல்லாம் ஒன்றுமில்லை, ஏர்கானுக்கு ஆசைப்படக்கூட எனக்கு வசதியில்லை. சூசையோ யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று கையைத் தூக்கவே இல்லை. மசோதா தோற்றது. எங்கள் எம்.பி.யின் வாழ்க்கையில் முதல் தோல்வி.

மனுஷன் விடுவாரா? உண்மையான எம்.பி.யைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். துணைக்கு நான். வாரம் ஒருமுறை தொகுதி மக்களைச் சந்திக்கும் இடத்தில் நீண்ட வரிசை. மேசையில் உட்கார்ந்திருந்த தொண்டூழியர் தமிழ்ப் பையன்.

"என்ன பிரச்சினை, அங்கிள்?"

"உலகம் சூடாகுது."

பையன் பேனாவை நிறுத்தினான். "எந்த பிளாக்?"

"எல்லா பிளாக்கும்லா!"

உண்மையான எம்.பி. நல்ல பொறுமைசாலி. எங்கள் ஆள் கண்டக்டர் இங்கிலீஷில் புகை, பூமி, சம்பல், சூசை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். அந்த எம்.பி. சிரிக்காமல் கேட்டார். பெரிய நாடுகள் சின்ன நாடுகளைப் பார்க்கின்றன, சின்னவை பெரியவற்றைப் பார்க்கின்றன, யாராவது முதலில் இறங்கி வந்தால்தான் மற்றவர்களைக் கேட்க முடியும் என்றார். பிறகு, ஆறுதலாக ஏதாவது கேட்க வேண்டுமே என்றுதான் கேட்டிருப்பார்: "உங்கள் அறையும் ரொம்பச் சூடோ?"

"நோ சார். என்னுது ஜன்னல் ரூம்" என்றார் எங்கள் எம்.பி.

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். திரும்பி வரும் வழியில் தேக்கா சந்தையில் நிறுத்தித் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தேன், அதைப் பாதியில் வைத்துவிட்டார். எனக்குப் பயமாகிவிட்டது.

அந்த ஜன்னலைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சாலையைப் பார்த்திருந்த ஒரே அறை அது. யார் அதிக காலம் குடியிருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் கிடைக்கும் என்பது எங்கள் வழக்கம். எழுபதுகளிலிருந்தே இருட்டறைகளில் நகர்ந்து நகர்ந்து, முந்தைய வருஷம்தான் அவர் அந்த ஜன்னலைப் பிடித்திருந்தார். பெருமாள் கோயிலிலிருந்து கிளம்பும் தைப்பூசக் காவடிகள் அதன் கீழேதான் போகும். கண்டக்டராக இருந்த காலத்தில் தைப்பூசத்தன்று அவருக்கு லீவே கிடைத்ததில்லை. ஜன்னல் வந்த பிறகு அவர் பார்த்தது ஒரே ஒரு தைப்பூசம்.

மறுநாள் காலையில் அவர் பாயும் தகரப்பெட்டியும் சூசையின் அறையில் இருந்தன. சூசையின் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தார்.

"ஐயோ, வேணாம்ணே" என்று சூசை அழாத குறை.

"பேசாம தூங்குயா. காலையில வண்டி ஓட்டணும்ல?"

அதற்குப் பிறகு எங்கள் யாருக்கும் சரியாகத் தூக்கமில்லை. எம்.பி. ஒரு துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு, கால்களை வாளித் தண்ணீரில் விட்டுக்கொண்டு தகரப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருப்பார். ஒரு குறை சொல்லமாட்டார். ஜெயராஜ்தான் முதலில் உடைந்தான். கதவைத் திறந்து போட்டு, "எல்லாரும் உள்ள வந்து படுங்கலா, உங்க மூஞ்சியப் பாத்துட்டு எனக்குத் தூக்கம் வரல" என்றான். சொல்லி வாய் மூடவில்லை, எல்லோரும் பாயோடு உள்ளே. மணியம் விட்ட குறட்டையில் ஏர்கானே ஓடுகிறதா இல்லையா என்று தெரியவில்லை. ஒரு வாரம் தாங்கினான் ஜெயராஜ். பிறகு ஏர்கானைக் கழற்றித் தெரிந்தவருக்குக் கொடுத்துவிட்டு, கூடத்துக்கு இரண்டு பெரிய மின்விசிறிகள் வாங்கிப் போட்டான். சூசையின் வேலை பிழைத்தது.

ஜன்னலைத் திருப்பிக் கொடுக்க சூசை எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். "மசோதா நிறைவேறிடுச்சு" என்று ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார் எம்.பி.

தைப்பூசம் வந்தது. வேதக்காரரான சூசை அவர் கையைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்தார். "இருப்பா. ஆளுக்கு அஞ்சு நிமிஷம். நான் கடைசி" என்று கிளிப்பரோடு பின்னால் ஸ்டூலைப் போட்டுக்கொண்டார் எங்கள் எம்.பி. பாவிகள், ஒருவன் விடாமல் திரும்பத் திரும்ப வரிசையில் வந்து நின்றார்கள். அவர் தெரிந்தும் தெரியாதவர் மாதிரி 'டக் டக்' அழுத்திக்கொண்டே இருந்தார். அவர் முறை வந்தபோது சாயங்காலம். கடைசிக் காவடியும் டேங்க் ரோட்டு முருகன் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். சாலையில் நசுங்கிய எலுமிச்சம்பழங்களும் பூவும் கிடந்தன, ஒருவர் பெருக்கிக்கொண்டிருந்தார்.

அதையும் அவர் ஐந்து நிமிஷம் முழுதாக நின்று பார்த்தார். "நல்லா இருக்குலா" என்றார்.

இப்போது புக்கிட் பாஞ்சாங் வீட்டில் உட்கார்ந்து, பருவநிலை பற்றிப் பேச வந்த எல்லா நாட்டுத் தலைவர்களும் வரிசையாக நின்று எடுத்துக்கொள்ளும் படத்தை டிவியில் பார்க்கிறேன். எல்லோரும் நல்ல கோட்டு போட்டிருக்கிறார்கள். நானோ அந்த வரிசையின் கடைசியில் கைலியோடு ஒருவர் நிற்கிறாரா என்றுதான் ஒவ்வொரு முறையும் தேடுகிறேன்.