எலிகள் நடத்திய வல்லூறு காப்பகம்

ஒரு காட்டில் எலிகளுக்கு இடம் போதவில்லை.

பருந்து, வல்லூறு, கழுகு எல்லாம் ஒவ்வொன்றாகக் குறைந்துபோனதால் வந்த வினை அது. சில விஷம் வைத்த இரையைத் தின்று செத்தன. சில மின்கம்பியில் அடிபட்டன. மிச்சமிருந்தவை வேறு காடு பார்த்துப் போய்விட்டன. பிடித்துத் தின்ன ஆள் இல்லாததால் எலிகள் குட்டி போட்டன, குட்டிகளும் குட்டி போட்டன. ஒரு வளைக்குள் மூன்று குடும்பம் குடியிருந்தது. ரேஷன் கடையில் விடியும் முன்பே வாலைப் போட்டு இடம் பிடிக்க வேண்டியிருந்தது. பிடித்த இடத்தில் இன்னொருவர் வால் கிடந்தால் சண்டை. பள்ளிக்கூடத்தில் பிறக்காத குட்டிக்கெல்லாம் விண்ணப்பம் வாங்கினார்கள்.

எலிகள் நலச் சங்கம் அவசரமாகக் கூடியது. சங்கத் தலைவர் துரைக்கண்ணு ஒரு பெருச்சாளி. மைக் இல்லாமலே மைக்கில் பேசுவது போலப் பேசுவார்.

"இயற்கைச் சமநிலை கெட்டுவிட்டது, தோழர்களே! இரைகொல்லிப் பறவைகளைக் காப்பாற்றுவது நம் கடமை. அதற்கென்று ஒரு காப்பகம் திறப்போம்!"

கைதட்டல் காட்டை உலுக்கியது. தட்டிய ஒவ்வொரு எலியின் மனக்கண்ணிலும் பக்கத்து வளைக்காரரின் முகம் தெரிந்தது.

"காப்பகத்தை யார் நடத்துவது?" என்று தலைவர் கேட்டதும் தட்டிய கைகள் எல்லாம் மடிக்குப் போய்விட்டன.

அன்றைக்குக் கூட்டத்துக்கு வராத ஒரே ஆள் அம்சவேணி என்கிற வெள்ளெலிதான். அவள் ரேஷன் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். மறுப்புச் சொல்ல ஆள் இல்லாததால் அவளை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

தானியத்தோடு திரும்பி வந்தவளின் கழுத்தில் மாலை விழுந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்தது.

"எனக்கு வேண்டாம் தலைவரே. கழுகுன்னா எனக்குப் பயம்."

"எங்களுக்கும்தாம்மா பயம். அதனாலதான் உங்களைப் போட்டிருக்கோம். தங்கறதுக்குக் காப்பகத்துலயே தனி வளை."

"தனி வளையா? எனக்கு மட்டுமா?"

"உங்களுக்கு மட்டும்."

பிறந்ததிலிருந்து அவள் வாலை முழுசாக நீட்டிப் படுத்ததில்லை. சரி என்று சொல்லிவிட்டாள்.

காப்பகத்துக்கு முதலில் வந்து சேர்ந்தவர் தில்லைநாயகம். வயதான பிணந்தின்னிக் கழுகு. மின்கம்பியில் மோதி ஒரு இறக்கை போய்விட்டது. இனி பறக்க முடியாது. ஆனால் அவரைப் போல மரியாதை தெரிந்தவரைப் பார்க்க முடியாது. தினமும் காலையில் அம்சவேணியைக் கண்டதும் தலையைத் தாழ்த்தி, "உடம்பு எப்படி இருக்கும்மா?" என்று விசாரிப்பார்.

"நல்லா இருக்கேன் ஐயா."

"சந்தோஷம். அவசரமே இல்ல. நான் காத்திருக்கேன்."

அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்பது புரிய அவளுக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. புரிந்த பிறகும் கோபம் வரவில்லை. செத்த பிறகுதான் தின்பேன் என்று இருக்கிறவரைக் கழுகு என்று தள்ளிவிட முடியுமா?

இரண்டாவதாக வந்தவன்தான் வீரபாகு. ஊர் எல்லையில் ஒரு வேலமரத்தில், பட்டம் விடுகிற மாஞ்சா நூல் இறக்கையில் சுற்றி, தலைகீழாகத் தொங்கினான். இளம் வல்லூறு. அம்சவேணி மரத்தில் ஏறிப் பல்லால் நூலைக் கடிக்க ஆரம்பித்தாள். அவன் அலகு அவள் காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

"உன்னைத் தின்னலாமா?" என்று ஈனக் குரலில் கேட்டான்.

"இப்ப வேண்டாம். வேலையா இருக்கேன்" என்றாள். பயத்தில் அதைத் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை. நூல் அறுந்து இரண்டு பேரும் ஒன்றாகக் கீழே விழுந்தார்கள்.

அன்றிலிருந்து அவளுடைய நாட்கள் இறக்கை கட்டிக்கொண்டன. விடிந்ததும் வீரபாகுவைத் தராசில் ஏற்றி எடை பார்க்க வேண்டும். எடை குறைந்தால் அவனுக்குப் பசி என்று அர்த்தம், அவனுக்குப் பசி என்றால் அன்றைக்கு அவள் தள்ளி நின்று பேச வேண்டும். பிறகு கூண்டில் எச்சத்தைச் சுரண்டிக் கழுவ வேண்டும். வல்லூறு எச்சம் பீய்ச்சினால் மூன்று முழத்துக்குப் போகும். எந்தப் பக்கம் போகும் என்று அதற்கே தெரியாது. அப்புறம் ஊர்க் கறிக்கடையின் பின்பக்கம் போய்க் கோழிக் கழுத்துகளை நாய்களுக்கு முன்னால் இழுத்து வர வேண்டும். காயத்துக்கு மஞ்சள் வைத்துக் கட்ட வேண்டும். இதற்கு நடுவில் உதவி எண்ணுக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கும்.

"ஹலோ, காப்பகமா? எங்க வளைக்கு மேல பெரிய கழுகு உட்கார்ந்திருக்கு. உடனே வாங்க."

"என்ன நிறம்ங்க?"

"கருப்பு."

"கத்துதா?"

"கா கான்னு கத்துது."

போனை வைத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வையாளர்கள் வருவார்கள். கூண்டுக்கு முதுகைக் காட்டி நின்று செல்பி எடுப்பார்கள். வல்லூறுக்கு முதுகைக் காட்டி நிற்கிற எலியைப் பார்த்தால் அம்சவேணி ஓடிப்போய் அதன் வாலைப் பிடித்து இழுப்பாள்.

வீரபாகுவின் இறக்கை ஆறியது. புது இறகு முளைத்தது. கூண்டுக்குள்ளேயே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பறந்து பழகினான். பேசவும் பழகிவிட்டான். அவளை அக்கா என்று கூப்பிட்டான். அவள் கறிக்கடையிலிருந்து திரும்ப நேரமானால் கம்பியில் அலகை வைத்துத் தட்டிக்கொண்டே இருப்பான்.

ஒரு நாள் சங்கத் தலைவர் துரைக்கண்ணு காப்பகத்தைப் பார்வையிட வந்தார். தள்ளியே நின்று கேட்டார்.

"தம்பி, வெளியில போனதும் முதல்ல என்ன சாப்பிடுவே?"

"தவளை, ஓணான், வெட்டுக்கிளி. எது கிடைச்சாலும் சரிங்க."

"எலி?"

"ஐயையோ! எலியைப் பார்த்தா எனக்கு அக்கா ஞாபகம் வந்துடும்."

தலைவரின் மீசை துடித்தது. அம்சவேணியைத் தனியாக அழைத்துப் போனார்.

"என்னம்மா இது? எலி தின்னாத வல்லூறை வச்சு நாங்க என்ன பண்றது? இதுக்கா காப்பகம் திறந்தோம்?"

"பையன் நல்லவன் தலைவரே."

"நல்லவன்தான் காடு பூரா இருக்கானே, வரிசையில நிற்க இடமில்லாம! வர்ற பௌர்ணமிக்குள்ள அவன் எலியைப் பிடிச்சுக் காட்டணும். எல்லார் முன்னாடியும். இல்லைன்னா காப்பகத்தை மூடிடறோம். அந்தக் கிழட்டுக் கழுகை ரோட்டுல விட்டுடுங்க."

பறக்க முடியாத தில்லைநாயகத்தை ரோட்டில் விட்டால் ஒரு ராத்திரி தாங்குவாரா? நாய்கள் விடுமா? அம்சவேணிக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

பிடித்துக் காட்ட ஒரு எலி வேண்டும் என்று சங்கம் அறிவித்தது. பெயர்கள் குவிந்தன. ஆனால் யாரும் தன் பெயரைக் கொடுக்கவில்லை. எல்லோரும் பக்கத்து வளைக்காரர் பெயரையே கொடுத்திருந்தார்கள். ஒரு மாப்பிள்ளை மாமனார் பெயரை மூன்று தடவை கொடுத்திருந்தான். கடைசியில் சங்கக் கூட்டத்தில் அம்சவேணி எழுந்து, "நானே ஓடறேன்" என்றாள். கைதட்டல் மறுபடி காட்டை உலுக்கியது.

ஓட வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் அவள் வீரபாகுவின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு நான் வயல்ல ஓடுவேன். நீ மேலேருந்து வந்து என்னைப் பிடிக்கணும்."

"உன்னையா? முடியாதுக்கா."

"பிடிச்சுத் தூக்கிக்கிட்டு மலைக்கு அந்தப் பக்கம் போயிடு. அங்கே என்னை இறக்கி விட்டுட்டு, நீ உன் வழியைப் பார்த்துக்கிட்டுப் போ. இங்க எல்லாரும் நீ என்னைத் தின்னுட்டேன்னு நினைச்சுப்பாங்க. காப்பகமும் தப்பும், ஐயாவும் தப்பிச்சுடுவார்."

"நகம் பட்டுடுச்சுன்னா?"

"பார்த்துப் பிடி."

"நான் இதுவரைக்கும் ஓடற எதையும் பிடிச்சதே இல்லக்கா" என்றான். அவளுக்கு அதுதான் கவலையாக இருந்தது. ஓடுகிறதைப் பிடித்துவிட்டால் ஒரு வல்லூறுக்கு என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

மறுநாள் வயலைச் சுற்றி வளைக்கு வெளியே தலையை மட்டும் நீட்டிக்கொண்டு எலிக் கூட்டம். கூண்டைத் திறந்தார்கள். வீரபாகு வெளியே வந்து, வெயிலில் ஒரு முறை கண்ணைச் சிமிட்டி, மேலே போனான். போய்க்கொண்டே இருந்தான். அவ்வளவு உயரத்தை அவன் இதுவரை கண்டதில்லை.

அம்சவேணி ஓடினாள். கதிர் அறுத்த வயலில் ஒளிய ஒரு புல் இல்லை. தன் மேல் நிழல் விழுந்ததும் திரும்பிப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. அவள் தினமும் பார்க்கிற கண்கள்தான், ஆனால் அவற்றுக்குள்ளே அவளைத் தெரிந்தவர் யாரும் இல்லை. "டேய் வீரபாகு!" என்று கத்தினாள். நகங்கள் அவள் முதுகைப் பிடித்தன. தரை காலை விட்டுப் போய்விட்டது.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பாறையில் அவளை வைத்துவிட்டு அவன் தள்ளிப் போய் உட்கார்ந்தான். உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு இல்லை, அவனுக்கு.

"அக்கா, ஒரு நிமிஷம் நீ யாருன்னு எனக்குத் தெரியல. நீ கத்தலேன்னா..."

அம்சவேணி முதுகை நக்கிக்கொண்டாள். இரண்டு இடத்தில் ரத்தம் கசிந்தது. வலித்தது. பயமும் இருந்தது. அதோடு, சொன்னால் சிரிப்பார்கள், பெருமையாகவும் இருந்தது. கோழிக் கழுத்தைத் தின்று வளர்ந்த பையன் ஒரே மூச்சில் இறங்கிப் பிடித்துவிட்டானே!

"நீ நல்லாத்தான் பிடிச்சே. இனிமே நீ பிழைச்சுப்பே" என்றாள். "நம்ம காட்டுப் பக்கம் வந்துடாதே. ரெண்டாவது தடவை எனக்குக் கத்த நேரம் இருக்காது."

அவன் இறக்கையை ஒரு முறை உதறிக்கொண்டான். பிறகு, "ஐயாவைக் கேட்டதாச் சொல்லு" என்று சொல்லிவிட்டு மேற்கே பறந்தான். அவன் புள்ளியாகிற வரைக்கும் அவள் பார்த்தாள். புள்ளியும் மறைந்த பிறகு, ஐயாவுக்கு இனி யார் கோழிக் கழுத்து இழுத்து வருவார்கள் என்று நினைத்து மலையில் இறங்கத் தொடங்கினாள்.

வெயில் தாழும் நேரத்தில் அவள் காட்டுக்குள் நுழைந்தபோது இரங்கல் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

"அம்சவேணி அம்மையார் சாகவில்லை! நம் நெஞ்சில் வாழ்கிறார்!"

"நான் இங்கேதான் இருக்கேன் தலைவரே" என்றாள் பின் வரிசையிலிருந்து.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. தலைவர் முகம் சுருங்கியது.

"என்னம்மா நீங்க, இரங்கல் தீர்மானம் நிறைவேறிடுச்சு. சிலைக்கு இடம்கூடப் பார்த்தாச்சு. இப்ப வந்து நிக்கறீங்க!"

அதற்குள் பக்கத்தில் நின்ற ஒரு சுண்டெலி அவள் முதுகில் நகம் பட்ட காயத்தைப் பார்த்துவிட்டது. அது மெல்ல இன்னொன்றின் காதில் சொன்னது. வல்லூறு தூக்கிக்கொண்டு போய், திரும்பக் கொண்டுவந்து விட்டிருக்கிறது! காடு தோன்றிய நாளிலிருந்து எந்த எலிக்காவது இப்படி நடந்திருக்கிறதா? அந்த அம்மாவுக்கு எவ்வளவு செல்வாக்கு இருக்க வேண்டும்! கூட்டம் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கியது.

மறுநாளிலிருந்து எலிகள் வெளியே வருவதற்கே யோசித்தன. ஒரு காக்கை பறந்தால் வீரபாகு, ஒரு பிளாஸ்டிக் பை பறந்தால் வீரபாகு. ரேஷன் கடையில் ஈ ஓட்டினார்கள். மேலே எதுவும் பறக்காத நாட்களில்தான் பயம் அதிகமாக இருந்தது.

காப்பக வாசலில் மட்டும் கூட்டம் கூடியது. எல்லோரும் குனிந்து, ஓரமாக நடந்து, எதையாவது கொண்டு வந்தார்கள். நிலக்கடலை வந்தது. கம்பு வந்தது. தில்லைநாயகத்துக்கென்று கோழிக் கழுத்து வந்தது.

"அம்மா, வீரபாகு சார்கிட்ட எங்க வளைப் பக்கம் வர வேண்டாம்னு ஒரு வார்த்தை..."

"அவன் இங்கே இல்லீங்க. போயிட்டான்" என்று அம்சவேணி எல்லோரிடமும் சொன்னாள். யாரும் நம்பவில்லை.

சில மாதம் கழித்து ஒரு நாள் துரைக்கண்ணு தலைவரே வந்தார். ஒரு முழுக் கோழியை இழுத்து வந்திருந்தார். அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"துணைத் தலைவர் வளை இருக்கு பாருங்க, ஆலமரத்துக்குக் கீழே. அங்க கொஞ்சம் தாழ்வா பறக்கச் சொல்லணும்."

"தலைவரே, சத்தியமாச் சொல்றேன். அவன் மலைக்கு அந்தப் பக்கம் போய்க் குடும்பமாயிட்டான். போன வாரம் அந்தப் பக்கமிருந்து வந்த மைனா சொல்லிச்சு. ரெண்டு குஞ்சு பொரிச்சிருக்கு."

தலைவர் ஒரு கண்ணை மூடிச் சிரித்தார். "புரியுது, புரியுது. உங்க நிலைமையில இருந்தா நானும் வெளியில இப்படித்தான் சொல்லுவேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். தில்லைநாயகம் அந்தக் கோழியின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. புதிதாக வந்த இரண்டு பருந்துக் குஞ்சுகள் கூண்டுக்குள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. கறிக்கடைக்குப் போனால் நாய்கள்.

அம்சவேணி ஒரு பெருமூச்சு விட்டாள்.

"சரி தலைவரே. சொல்லி வைக்கிறேன்."

நீதி: வல்லூறைக் காப்பாற்றினால் புண்ணியம் கிடைக்கும், வல்லூறைத் தெரியும் என்று ஊர் நம்பிவிட்டால் மற்றதெல்லாம் கிடைக்கும்.