ஈயக் கீரை

தன் வயலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பயணம் செய்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரை எனக்குத் தெரியும். செங்கல்பட்டில் நான் வேலை பார்த்த மண் பரிசோதனைக் கூடத்தில் எல்லோருக்கும் அவர் ‘டிபன்பாக்ஸ்’.

படாளத்தில் கீரை போடுகிறவர். அடுக்கு டிபன்பாக்ஸில் மண் கொண்டுவருவார். மேலடுக்கில் மேல்மண், கீழடுக்கில் அடிமண். ஒருநாள் டப்பா மாறி எலுமிச்சை சாதம் வந்துவிட்டது. “அத்தையும் டெஸ்ட் பண்ணிடு சார், வூட்டுக்காரி உப்பு ஜாஸ்தி போட்டுகினே கீறா” என்றார்.

கேள்விதான் அவருக்கு ஆகாரம். மண்புழு எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கும் என்று கேட்டுக் கேட்டே எங்கள் கெமிஸ்டை அரைநாள் லீவு போட வைத்த புண்ணியவான்.

ஒருமுறை அவர் மண்ணை உப்புத் தண்ணீரில் கரைத்தோம். நீலமும் சிவப்புமாகப் பொடிப்பொடியாய் மிதந்தது. குப்பை உரத்தோடு வயலுக்கு வந்து, வெயிலில் நொறுங்கித் தூளான பிளாஸ்டிக். லென்ஸைக் கொடுத்தேன். மனிதர் சினிமா பார்க்கிற மாதிரி குனிந்தவர் நிமிரவே இல்லை.

அடுத்த வாரம் மிச்ச ரிசல்ட்டும் வந்தது. “மண்ணுல ஈயமும் இருக்குண்ணா” என்றேன்.

முகம் மலர்ந்துவிட்டது. “ஈயமா! அட்ரா சக்க! ஈயச்சொம்புல ரசம் வெச்சாலே தெரு மணக்கும். மண்ணுலயே ஈயம்னா என் கீரை இன்னாமா மணக்கும்!”

தலையில் அடித்துக்கொண்டேன். “சொம்பு வெள்ளீயம்ணா. இது காரீயம், பழைய பேட்டரியில இருக்கறது. விஷம். பிளாஸ்டிக் தூள்லயும் ஒட்டிக்கும்.”

“அப்போ பிளாஸ்டிக்கு வண்டி, ஈயம் சவாரி. எங்க சார் எறங்கும்?”

“கீரையில இறங்கலாம். குழந்தைங்களுக்குத்தான் ரொம்பக் கெடுதல்.”

அன்றுதான் அவர் மேற்கொண்டு கேள்வி கேட்காமல் எழுந்து போனார். அணுபுரத்தில் வீடு வீடாகக் கீரை விற்றுத்தான் அந்தக் குடும்பம் ஓடியது.

சில நாள் கழித்து அணுபுரத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். தெருவில் தெரிந்த குரல். “கீரை இல்லம்மா, கீரை! கீரை இல்ல!”

அக்கா வாசலுக்குப் போய்ச் சத்தம் போட்டாள். “இல்லன்னா எதுக்குய்யா கூவிக்கிட்டுப் போற?”

மொபெட்டை நிறுத்தினார் டிபன்பாக்ஸ். “அன்னிக்கு வாங்கனது பிரிஜ்ஜுல கீதுன்னா திருப்பிக் குட்த்துடும்மா. புள்ளைங்களுக்கு ஆக்கிப் போட்டுடாத. மண்ணு கெட்டுப் பூட்ச்சு.” பின்னால் கூடையில் தெருத்தெருவாகத் திரும்ப வாங்கிய கீரைக்கட்டுகள் வாடிக் கிடந்தன.

என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தார். “சார், கனகாம்பரம் போட்டா யாரும் துன்ன மாட்டாங்கல்ல?”

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வண்டி தெருமுனை திரும்பியதும் அக்கா கேட்டாள், “கீரைக்காரர் என்னடா, உனக்குச் சொந்தக்காரரா?”

“ஆமாக்கா” என்றேன்.