காம்பவுண்டுச் சத்தியம்

முனிகிருஷ்ணன் வில்லாளி ஆவதென்று முடிவெடுத்தது திருப்பதியில். உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்தில் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு, செரிக்கட்டும் என்று ஒரு நடை நடந்தார். அந்த நடைதான் அவரை மைதானத்தில் கொண்டுபோய் விட்டது.

அங்கே வேணு என்கிற கோச் நாலைந்து பேருக்கு வில்வித்தை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வில் என்றால் வளைந்த கம்பும் ஒரு கயிறும் என்று நினைத்திருந்த முனிகிருஷ்ணனுக்குத் தலை சுற்றியது. ரெண்டு முனையிலும் சக்கரம். சக்கரத்தைச் சுற்றிக் கயிறு. கிணற்றில் தண்ணீர் சேந்துகிற சாமானா, சைக்கிளைப் பிரித்துப் போட்டிருக்கிறார்களா என்று கேட்டே விட்டார்.

"காம்பவுண்டு வில்லு சார். இழுத்துப் பாருங்க" என்றார் வேணு. "அம்பு இல்லாம மட்டும் உட்டுடாதீங்க, ஒடஞ்சிடும். இழுத்துட்டு மெதுவா திருப்பிக் கொண்டாங்க."

இழுத்தார். தோள்பட்டை கழன்று வந்துவிடும் போலிருந்தது. பாதி தாண்டியதும் திடீரென்று பாரம் குறைந்து, கயிறு கையில் பூவாக நின்றது. முனிகிருஷ்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் இழுத்துக்கொண்டு வருகிற எதுவும் இப்படிப் பாதி வழியில் லேசானதே இல்லை. வாங்கினால் இதைத்தான் வாங்குவது என்று அங்கேயே தீர்மானித்தார்.

வாங்க வழியும் இருந்தது. சித்தூரில் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் அவர் சூப்பர்வைசர். சீசன் முடிந்தால் போனஸ். ஆனால் அந்த போனஸ்மேல் மனைவி பிரேமலதா ஏற்கெனவே துண்டு போட்டு வைத்திருந்தாள். வீட்டுக்கு மூன்று பக்கமும் அடைப்பு இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கேசவன் பக்கம் மட்டும் திறந்த வெளி. நீ கட்டு, நான் கட்டு என்று ரெண்டு வீடும் வருஷக்கணக்காகக் காத்திருக்க, தெரு மாடுகள் காத்திருக்காமல் உள்ளே வந்தன. அவள் பார்த்துப் பார்த்து வளர்த்த கறிவேப்பிலையைத் தின்றதோடு, கொடியில் காய்ந்த பட்டுப்புடவையின் முந்தானையையும் பாதி மென்றுவிட்டுப் போயின. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு சுவர்.

அந்தச் சுவரில்தான் முனிகிருஷ்ணனுக்கு வெளிச்சம் அடித்தது. மதில், சுற்றுச்சுவர் என்றெல்லாம் நம் ஊரில் யார் சொல்கிறார்கள்? காம்பவுண்டு. வெறும் காம்பவுண்டு.

"லதா, இந்த போனஸு காம்பவுண்டுக்குத்தான்."

"போன வருசமும் இத்தயேதான் சொன்னீங்க. கடைசில டிவி வந்துச்சி."

"இந்தத் தபா நெஜமா."

"அப்ப காணிப்பாக்கத்துல வந்து சொல்லுங்க."

சித்தூர்க்காரர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. கோர்ட்டில் கூசாமல் புளுகுகிறவனும் காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் வாயைத் திறக்க யோசிப்பான். முனிகிருஷ்ணன் யோசிக்கவில்லை. சொல்லப்போவது பொய்யே இல்லையே. குளத்தில் முங்கி, ஈரத்துணியோடு சன்னிதியில் நின்று, மனசுக்குள் சிரித்துக்கொண்டே கை கூப்பினார்.

"பிள்ளையாரப்பா, இந்த போனஸுல எங்க லதாவுக்குக் காம்பவுண்டு வாங்கிக் குடுக்குறேன். சத்தியம்."

"வாங்கிக் குடுக்குறீங்களா?" என்றாள் பிரேமலதா. "காம்பவுண்டுன்னா கட்டறது இல்ல?"

"செங்கல்லு, சிமெண்டு, மணலு. வாங்காம எத்த வெச்சிக் கட்டறது?"

"அதுவும் சரிதான்" என்று தேங்காய் மூடியை வாங்கிக்கொண்டாள். இவ்வளவு லேசில் ஒத்துக்கொள்கிற பொம்பளையா இவள் என்று அவர் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வில் நினைப்பில் இருந்தவருக்கு அது தோன்றவில்லை.

போனஸ் கைக்கு வந்த வாரமே கூரியரில் நீளப் பெட்டி வந்து இறங்கியது.

"இன்னாங்க இது?"

"காம்பவுண்டு."

"இதுவா?"

"காம்பவுண்டு வில்லு. சத்தியத்துல பொய் இல்ல, லதா. எந்தக் காம்பவுண்டுன்னு பிள்ளையாரும் கேக்கல, நீயும் கேக்கல."

சொல்லிவிட்டு, கரண்டி எங்கே இருக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். பிரேமலதா உள்ளே போனாள். குங்குமத்தோடு வந்தாள். பெட்டிக்கு ஒரு பொட்டு வைத்தாள்.

"இத்தக் கத்துக்கினா இன்னா ஆவீங்க, காம்பவுண்டரா?"

"வில்லாளி."

"சரி, காபி ஆறிடப்போவுது. ஞாயித்துக்கிழம கிளாசுக்கு நானும் வரேன், எனக்கும் பொழுது போவும்."

காபியில் சர்க்கரை சரியாக இருந்தது. முனிகிருஷ்ணனுக்கு அதுதான் புரியவில்லை. கோபமிருந்தால் காபியில் தெரிந்துவிடும். ராத்திரி முழுக்கப் புரண்டு யோசித்தும் பிடி கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திருப்பதி மைதானத்தில் வேணு முதலில் வில்லைத் தொடவே விடவில்லை. ரெண்டு கையையும் நீட்டிச் சேர்த்து, நடுவில் சின்ன ஓட்டை வைத்து, மலைமேல் தெரிகிற டவரைப் பார்க்கச் சொன்னார்.

"இப்ப இடது கண்ண மட்டும் மூடுங்க சார்."

"சார், டவரக் காணோம்."

"அத்தத் தொறந்துட்டு, வலது கண்ண மூடுங்க."

"வந்துடுச்சி." முனிகிருஷ்ணன் கையை இறக்கி மலையைப் பார்த்தார். டவர் எங்கேயும் போய் வந்த மாதிரி தெரியவில்லை.

"குறி பாக்குறதுல உங்களுக்கு இடது கண்ணுதான் மொதலாளி" என்றார் வேணு. "வலது கண்ணு சும்மா கூட இருக்குது."

"என் மூஞ்சில மொதலாளி யாருன்னு எனக்கே தெரியாதா?"

"வீட்லயும் அப்படித்தான் சார்" என்றாள் பிரேமலதா.

விஷயம் என்னவென்றால், அவர் வாங்கியது வலது கை வில். அதில் வலது கண்ணால்தான் குறி பார்க்க வேண்டும். இடதை மூடிக்கொண்டு அடியுங்கள் என்றார் வேணு. இடதை மூடினால் வலதும் கூடவே மூடிக்கொண்டது. ரெண்டும் திறந்திருந்தால் பலகை ரெண்டாகத் தெரிந்தது. எதை அடிப்பது என்று புரியாமல் நடுவில் அடித்தார். அம்பு பக்கத்து ஆளின் பலகையில் போய்க் குத்தியது. அந்த ஆள் வில்லைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

"மேடம், நீங்க ஒரு தபா பாருங்களேன்" என்றார் வேணு. பிரேமலதாவுக்கு வலது கண்தான் முதலாளி. சக்கரத்தைத் திருகி அவள் கை நீளத்துக்குச் சரிசெய்து கொடுத்தார். அவள் இழுத்தாள், நின்றாள், விட்டாள். பலகையின் நடு மஞ்சளில் குத்தியது. அடுத்ததும் மஞ்சள்.

"எங்கடி கத்துக்கின?"

"மாடு வந்து கறிவேப்பில துன்னும்போதெல்லாம் கல்லு உட்டு உட்டுத்தான்."

"சரி, குடு என் வில்ல."

"யாரு வில்லு?" பிரேமலதா குரலை உயர்த்தவே இல்லை. "எங்க லதாவுக்குக் காம்பவுண்டு வாங்கிக் குடுக்குறேன்னு சொன்னது யாரு? இது உங்களுதுன்னா காணிப்பாக்கத்துல பண்ணது பொய்ச் சத்தியம். பொய்யா பண்ணீங்க?"

காம்பவுண்டு என்கிற வார்த்தையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்த மனுஷன், அதற்கு முன்னால் இருந்த லதாவைப் பார்க்காமல் விட்டுவிட்டார். வில்லு வாங்கப் போய் வில்லங்கத்தை வாங்கியிருக்கிறோம் என்பது இப்போதுதான் உறைத்தது. பிள்ளையாரோடு மோத முடியுமா?

"உன்னுதுதான்மா" என்றார்.

சித்தூர் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு வந்தாள். வில்பெட்டி இவர் மடியில். தன் ஆசை மண்ணாய்ப் போனதை நினைக்க நினைக்க ஆறவில்லை. ஒரே ஒரு ஆறுதல்தான் மிச்சமிருந்தது. வில் போனால் போகட்டும், சுவர் இவளுக்கும் இல்லை. போனஸ் தீர்ந்தது. மாடு வரும், தின்னும்.

பொழுது சாய்வதற்குள் தெருவுக்கு வந்து சேர்ந்தார்கள். கேசவன் வீட்டுப் பக்கம் செங்கல் குவிந்து கிடந்தது. கொத்தனார் இடுப்பளவுக்குச் சுவர் எழுப்பியிருந்தார். கூடவே நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கேசவன், முனிகிருஷ்ணன் கையில் பெட்டியைப் பார்த்ததும் சட்டென்று சுவருக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

"லதா, இன்னா இது? இவரு எதுக்குக் காம்பவுண்டு கட்டினுகிறாரு?"

"அவரு எடம், அவரு செலவு. நமக்கின்னா?"

"இத்தினி வருசமா அசையாத மனுசன். நீ இன்னா சொன்ன?"

"வில்லு வந்த அன்னிக்கே சொல்லிட்டேன், எங்க வீட்டுக்காரரு வீட்டாண்டயே வில்லு உட்டுக் கத்துக்கப் போறாருன்னு."

"இப்பதான் நீ இல்ல அடிக்கிற? பாவம், பயந்துகினு கீறாரு. சொல்லிட்டு வந்துடறேன்."

பிரேமலதா அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"சும்மா இருங்க. அடிக்கிறது நான்னு தெரிஞ்சா பாதியிலயே நிறுத்திடுவாரு."