படவேட்டு அம்மன் அரிசியும் பவித்ராவும்

அன்புள்ள அக்காவுக்கு,

ஆரணியிலிருந்து அன்புச்செல்வி எழுதிக்கொள்வது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். போனில் சொன்னால் கீழ்வீட்டுக்குக் கேட்கும், வாட்ஸ்அப்பில் போட்டால் அத்தான் படிப்பார். அதனால் நாளை போளூர் வரும் என் வீட்டுக்காரரிடம் இதை ஒட்டிக் கொடுத்தனுப்புகிறேன்.

மகிழினியின் பள்ளியில் முதியோர் இல்லத்துக்கு உணவுப்பொருள் சேர்க்கிறார்கள். பிள்ளையின் பேரை ஒட்டி மேடையில் வைப்பார்களாம். நானும் மகள் பேரில் துவரம்பருப்பு எடுத்து வைத்துவிட்டு நிம்மதியாகத்தான் இருந்தேன், மாடியிலிருந்து எட்டிப் பார்க்கும்வரை. கீழே என் கொழுந்தன் மனைவி பவித்ரா, தன் மகன் பேரில் சீரகச் சம்பா மூட்டை, நெய், முந்திரி என்று அடுக்கிக்கொண்டிருக்கிறாள். பல் போனவர்களுக்கு முந்திரி எதற்கு, நீயே சொல்! "இன்னாக்கா, பருப்பு மட்டுந்தானா? பரவால்ல, மனசுதான முக்கியம்" என்கிறாள். மாமியார் வேறு, "பவித்ராவுக்குத் தாராளக் கை" என்கிறார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாசலில் பள்ளி வேன் ஹாரன் அடிக்க, பூஜை அறையில் மஞ்சள் துணியில் கட்டியிருந்த அரிசி மூட்டை கண்ணில் பட, பார்க்க லட்சணமாக இருக்கிறதே என்று, எதற்கு வைத்தது என்றுகூட யோசிக்காமல் மகிழினி பேரை ஒட்டி ஏற்றிவிட்டேன். மேடையிலேயே அதுதான் பெரிசு என்று போட்டோவும் வந்தது. மத்தியானம் வரை என்னைப் போல் சந்தோஷமானவள் ஆரணியில் இல்லை.

அப்புறம் மாமியார் போனில் யாரிடமோ சொல்கிறார்: "வெள்ளிக்கிழம படவேடு போறோம். வருசம் பூரா அம்மனுக்கு எடுத்து வச்ச புடி அரிசி ரெடியா கீது." தினமும் உலை வைக்கும்முன் ரேணுகாம்பாளுக்கென்று அவர் எடுத்து வைத்த பிடி அரிசி, அக்கா! பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி எல்லாம் கலந்தது. எந்தக் கடையில் கேட்பேன்? தெரிந்தால் இந்த வீட்டில் பவித்ரா ஒருத்திதான் மருமகள். உன் வீட்டிலிருக்கும் அரிசியெல்லாம் கலந்து ஒரு மூட்டை உடனே என் வீட்டுக்காரரிடமே கொடுத்தனுப்பு.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். அம்மன் என்மேல் கோபமாக இருப்பாள். உனக்கு மட்டும் வேண்டிக்கொள்கிறேன்.

உன் தங்கை,
அன்புச்செல்வி

பி.கு.: அரிசி வேண்டாம். இப்போதுதான் பவித்ரா மூட்டையோடு மாடிக்கு வந்தாள். "பையனக் கூப்ட ஸ்கூலுக்குப் போனப்ப பாத்தேங்கா, அத்தையோட அம்மன் அரிசியாச்சே! என் சம்பா மூட்டையில மகி பேர ஒட்டிட்டு இத எடுத்தாந்துட்டேன். அத்தைக்குத் தெரியாது, நானும் சொல்ல மாட்டேன்" என்கிறாள். அழுதேவிட்டேன். இவ்வளவு நல்லவளோடு ஒரே வீட்டில் நான் எப்படிக் குடித்தனம் நடத்துவேன்? அவளிடம் ஏதாவது ஒரு குறை உன் கண்ணில் பட்டிருந்தால், அரிசிக்குப் பதில் அதை எழுதி அனுப்பு.